குத்திவிட்டு ‘சாரி’ சொன்னவள்

பத்தர் கடையில் அரை மணி நேரம் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வருஷமாகக் கழற்றாத மூக்குத்தி. திருகு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தார், குறடு வைத்துத் திருகிப் பார்த்தார், கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்.

“புதுசு மாத்திப் போடவாம்மா?” என்றார்.

“இல்லண்ணே, ஞாயித்துக்கிழமை கராத்தே போட்டி.”

“பாப்பாவுக்கா?”

“எனக்கு.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். 38 வயது, 61 கிலோ, கையில் காய்கறிப் பை. அவர் பார்த்ததில் தப்பே இல்லை.

கராத்தே போட்டியில் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இடுப்புப் பட்டையை எப்படிக் கட்டுவது, எந்த நிறக் கையுறை வாங்குவது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஏனென்றால் போட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். கல்யாணமான ஒரு பெண்ணுக்கு இது அரை நாள் வேலை. கம்மல், மோதிரம் சுலபம். மெட்டி சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தலையில் குத்தும் ஊசி, கிளிப் எதுவும் கூடாது, ரப்பர் பேண்ட் மட்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். தாலிக்குத்தான் பயந்தேன். மாமியாரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று இரண்டு நாள் யோசித்து, சாம்பார் தாளிக்கும்போது மெதுவாகச் சொன்னேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கழட்டிட்டு எங்க வைப்ப? பஸ்ல போறப்ப தொலைச்சிராத. அஞ்சு பவுனு. என்கிட்டக் குடுத்துட்டுப் போ” என்றார். அவ்வளவுதான்.

நான் கராத்தேயில் சேர்ந்த கதை ரொம்பச் சாதாரணமானது. மகளை வகுப்பில் விட்டுவிட்டு மொட்டை மாடிச் சுவரோரம் உட்கார்ந்து போன் பார்ப்பேன். ஒரு நாள் மாஸ்டர், “சும்மாதானக்கா உக்காந்திருக்கீங்க, வந்து நில்லுங்க” என்றார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் மாஸ்டர். ஷோட்டோகான் முறை. இரண்டரை வருஷத்தில் பச்சை பெல்ட் வரை வந்தேன். வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவர்களில் இருபத்தொரு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையில் போட்டி விஷயம் தெரிந்ததும், “ஒரே குத்துல ஆளச் சாய்ச்சிட்டு வந்துருங்கக்கா” என்று பையன்கள் உற்சாகம் கொடுத்தார்கள். சாய்த்தால் தோற்றுவிடுவேன் என்றேன். நம்பவில்லை. அவர்களுக்கு டோக்கியோ கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது இதுவரை ஒரே தடவைதான், டோக்கியோவில். 2021 ஆகஸ்ட் 7, நிப்பான் புடோகான் அரங்கு, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சுற்று. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் தலைக்கு விட்ட ஒரு உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அடி அளவுக்கு மீறியது என்று ஹமெதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். விழுந்து கிடந்தவருக்குத் தங்கம். நாங்கள் விளையாடும் உலக கராத்தே கூட்டமைப்பின் விதியில் அடக்கம்தான் திறமை. முழு வேகத்தில் போகும் கை, முகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கையால் குத்தினால் 1 புள்ளி, அதற்கு யுகோ என்று பெயர். உடம்பில் உதைத்தால் 2, வஸாரி. தலைக்கு உதைத்தால் 3, இப்போன். 8 புள்ளி முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்தது.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். எடை விஷயத்தில்தான் முட்டாள்தனம் செய்தேன்.

61 கிலோவுக்குக் கீழ் என்று பெயர் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுத் தராசு 61.3 காட்டியது. உடனே சனிக்கிழமை மத்தியானம் அரைச் சாப்பாடு, ராத்திரி ஒன்றுமே இல்லை, தண்ணீர்கூடத் தொண்டை நனைகிற அளவுக்குத்தான். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறும்போதே தலை லேசாகச் சுற்றியது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மணமேடையில் கோப்பைகளை அடுக்கியிருந்தார்கள், கீழே சிவப்பும் நீலமுமாக மேட் விரித்து இரண்டு களம். தராசில் ஏறினேன், 60.5. வெற்றிப் புன்னகையோடு இறங்கினேன். பதினோரு மணிக்கு மைக்கில் அறிவித்தார்கள்: பெரியவர்கள் பெண்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதால் எல்லா எடைகளும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன.

பட்டினி கிடந்தது வீண். எனக்கு எதிரே வரப்போகிற பெண் 68 கிலோ.

முதல் போட்டிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், அரைக் கிலோவுக்காக வயிற்றைக் காயப்போடாதீர்கள். இருக்கிற எடைக்குப் பெயர் கொடுங்கள். எல்லைக்கோட்டில் இருந்தால் மேல் பிரிவில் கொடுங்கள். எடை பார்த்து முடிந்ததும் சாப்பிடுங்கள். நான் அதையும் செய்யவில்லை. ‘எந்த நேரமும் கூப்பிடுவார்கள்’ என்ற பயத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். கூப்பிட்டது மாலை நாலேகாலுக்கு.

காத்திருப்பு எவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏழரைக்குப் போனோம். சிறப்பு விருந்தினர் பத்தே முக்காலுக்கு வந்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு. அப்புறம் ஆறு வயதுப் பிள்ளைகள், எட்டு வயது, பத்து வயது என்று வரிசையாக. நானோ காலை ஒன்பது மணிக்கே குதித்து, ஓடி, உடம்பைச் சூடாக்கி வியர்த்து நின்றேன். பத்தரைக்கு அந்தச் சூடு போய்விட்டது. திரும்பவும் குதித்தேன். இப்படி மூன்று தடவை. கால் மணிக்கு ஒரு முறை கழிவறை வேறு. கராத்தே பேண்ட் நாடாவை அவசரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு அவிழ்க்கத் தெரியாமல் நின்றதையெல்லாம் விவரமாக எழுத வேண்டாம்.

பக்கத்தில் ஒரு கல்லூரிக் குழு இருந்தது. அவர்கள் பாயை விரித்துப் படுத்துத் தூங்கினார்கள். வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் அவ்வப்போது போய், யாரோடு யார் மோதுவது என்று வரிசைப்படுத்திய டை ஷீட்டில் எத்தனையாவது ஆட்டம் நடக்கிறது என்று பார்த்து வந்தாள். தங்கள் முறைக்கு ஐந்தாறு ஆட்டம் இருக்கும்போதுதான் எழுந்து கை கால் அசைக்க ஆரம்பித்தார்கள். அனுபவம் என்றால் இதுதான் என்று வயிறு கிள்ளக் கிள்ளப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் இரண்டு மணி வாக்கில் கட்டா வந்தது. கட்டா என்றால் எதிராளி இல்லாமல், வகுத்த வரிசைப்படி அடியும் தடுப்பும் செய்து காட்டுவது. நான் எடுத்தது ஹெயான் நிதான். ஓகினாவாவில் இதோசு அங்கோ என்ற ஆசான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்காக உருவாக்கிய வரிசையில் ஒன்று. பிள்ளைகள் நடுவில் நின்று கற்றுக்கொண்ட எனக்கு ரொம்பப் பொருத்தம். ஆயிரம் தடவையாவது செய்திருப்பேன். 11-ஆவது அசைவில் கத்த வேண்டும். அதற்கு கியாய் என்று பெயர். உடனே இடப்பக்கமாக 270 பாகை திரும்ப வேண்டும், முக்கால் வட்டம். மொட்டை மாடியில் இது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஏனென்றால் திரும்பி முடிக்கும்போது கண்ணுக்கு நேரே தண்ணீர்த் தொட்டி வரும்.

மண்டபத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை.

கத்தினேன். திரும்பினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அரை வட்டத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எல்லா அசைவும் சரி, திசை மட்டும் தப்பு. வேகமாகவும் அழகாகவும் கட்டாவை முடித்து, தலைமை நடுவருக்கு வைக்க வேண்டிய வணக்கத்தை, பக்கவாட்டில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு வைத்தேன். அந்த அம்மாவும் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவர்கள் தூக்கிய ஐந்து கொடிகளும் என்னோடு போட்டியிட்டவரின் நிறமான சிவப்பு. நான் நீலம்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் கட்டாவை வேறு வேறு பக்கம் பார்த்து ஆரம்பிக்கிறோம். ஒரு நாள் தெருவைப் பார்த்து, ஒரு நாள் படிக்கட்டைப் பார்த்து. கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வைக்கிறார் மாஸ்டர். முதல் நாள் கண்ணை மூடிச் செய்தபோது பத்து வயதுப் பிள்ளைகளே ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டி எனக்கு மட்டும் துணை இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். குமிதே.

களத்தில் ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். பெல்ட், கையுறை, கால் கவசம் எல்லாம் அந்த நிறம். நம் சொந்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இரண்டரை வருஷ உழைப்பான பச்சையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு நீலத்தைக் கட்டியபோது எங்கள் வகுப்புப் பொடிசுகள், “ஆன்ட்டிக்குப் புரமோஷன்” என்று கைதட்டின. பல் கவசம் முந்தின நாள்தான் வாங்கியது. வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்தால் பல்லுக்கு ஏற்றபடி படியும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அவசரத்தில் சரியாகக் கடிக்கவில்லை. போட்ட உடனே குமட்டியது, வாயால் மூச்சு விடவும் முடியவில்லை. புதுச் செருப்போடு மலையேறின கதைதான். பல் கவசமோ, கால் கவசமோ, இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி வகுப்பில் போட்டுப் பழகிவிட வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு அது செலவாகத் தெரிந்தது.

எதிரே அந்தக் கல்லூரிக் குழுவின் பெண். இருபது வயது இருக்கும். மத்தியானம் பாய் விரித்துத் தூங்கியவள்.

“ஷோபு ஹாஜிமே!” ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொன்னார் நடுவர்.

முதல் பத்து நொடியில் அவள் முன்னால் வைத்திருந்த கை என் மூக்குக்கு முன் வந்து நின்றது. பார்க்கவே இல்லை. 1-0. முதலில் எடுக்கும் புள்ளிக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு, சென்ஷு என்பார்கள். கடைசியில் சமமாக முடிந்தால் அவர்களுக்கே வெற்றி. ‘போச்சு’ என்று மனம் சொன்னது. ஆனால் அடுத்து அவள் உள்ளே வந்தபோது எனக்கே தெரியாமல் என் பின்கை, பின்னால் வைத்திருந்த கை, போனது. கியாகு ஸுகி, நான் தினமும் நூறு அடிக்கும் குத்து. அவள் வயிற்றில் ‘தப்’ என்று சத்தம் கேட்டது.

அடுத்து நான் செய்ததை எங்கள் வகுப்பில் இப்போது நடித்துக் காட்டுகிறார்கள். கையைக் கீழே இறக்கி, அவள் பக்கம் லேசாகக் குனிந்து, பல் கவசத்தோடு, “சாரிம்மா” என்றேன்.

அந்த நொடியில் அவள் கால் என் விலாவில் இறங்கியது. மவாஷி கெரி. 3-0.

நடுவர் என் குத்துக்குப் புள்ளி தரவில்லை. குத்து பட்டதே, சத்தம் கேட்டதே என்று அன்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பட்டால் போதாது. குத்தின் வடிவம், உறுதி, நேரம், தூரம், நடத்தை இவற்றோடு ஸான்ஷின் என்று ஒன்றும் இருக்க வேண்டும். அடித்த பிறகும் எதிராளி மேல் வைத்த கவனம் அறுபடாமல் நிற்பதற்கு அந்தப் பெயர். குத்தின கையை உடனே இழுத்து, காவலோடு, கண் அவள் மேலேயே இருக்க வேண்டும். மூலையில் இருக்கும் நடுவர்களில் இரண்டு பேராவது அதைப் பார்த்துக் கொடி காட்ட வேண்டும். எதிராளியை விட்டுக் கவனத்தைத் திருப்பினால் முபோபி என்று தனியாகக் குற்றமே உண்டு. நான் கவனத்தை மட்டுமா திருப்பினேன், மன்னிப்பும் கேட்டேன்.

வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள் என்று சொன்னேன் அல்லவா. இரண்டரை வருஷமாக நான் ஜோடி சேர்ந்தது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான். லேசாகப் பட்டாலும் பதறி, “சாரிடா தங்கம், பட்டிருச்சா?” என்பேன். குத்துவதோடு சேர்த்து நிறுத்துவதையும், நிறுத்தியதோடு சேர்த்து ‘சாரி’யையும் உடம்பு ஒரே பாடமாகக் கற்றுவைத்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. களத்தில் போய்த்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். களம் எட்டுக்கு எட்டு மீட்டர். டிவியில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும், பின்வாங்குகிறவருக்கு அது அடுப்படி அளவுதான். கோட்டைத் தாண்டியதற்கு ஜோகாய் என்று ஒரு எச்சரிக்கை. ஓரத்தில் இருந்து மாஸ்டர், “அக்கா, மூச்சு! மூச்சு விடுங்க!” என்று கத்தினார். அப்போதுதான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே உறைத்தது. எங்களுக்குக் கொடுத்தது 2 நிமிஷம். ஒரு நிமிஷம் தாண்டவில்லை, கை இரண்டும் ஈர மூட்டையாகத் தொங்கின. இப்போது போனில் 2 நிமிஷம் வைத்து, நிற்காமல் குத்தி, 30 நொடி ஓய்வெடுத்து, மறுபடி குத்திப் பழகுகிறேன். குத்தும்போது சத்தம் கொடுத்தால் மூச்சு தானாக வெளியே போகும். கியாய் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அதுவரை அதைக் கூச்சத்தோடு முணுமுணுப்பேன், எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறார்களே என்று.

கடைசி அரை நிமிஷத்தில் ஒன்று எடுத்தேன். அதே பின்கை. இந்தத் தடவை மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். சாரி சொல்லவில்லை. நீலக் கொடிகள் மேலே போனதைப் பார்த்த நிமிஷம் இருக்கிறதே, அதைக் கோப்பையில் ஊற்றி வைக்க முடிந்தால் வைத்திருப்பேன். அவள் இன்னும் இரண்டு எடுத்தாள். 5-1.

குனிந்து வணக்கம் வைத்துக் கை கொடுத்தபோது அவள், “நல்லாப் பண்ணீங்க ஆன்ட்டி” என்றாள். ஆன்ட்டி என்றது விலாவைவிட வலித்தது. ஆனாலும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், என்னம்மா தப்பு என்று. “பஞ்ச் பண்ணதும் நின்னுர்றீங்க ஆன்ட்டி. ஒண்ணு அடிச்சிட்டு இன்னொண்ணு அடிங்க, இல்ல விலகிருங்க. நடுவுல நிக்காதீங்க” என்றாள். இரண்டரை வருஷத்தில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. முடிந்த கையோடு எதிராளியிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தானே.

ஒரு வேடிக்கை பாக்கி. எங்கள் பிரிவில் மொத்தம் நான்கே பேர். கராத்தேயில் வெண்கலம் இரண்டு. ஆக, முதல் ஆட்டத்திலேயே தோற்ற எனக்கு வெண்கலம். என் மகள் பத்து வயதுப் பிரிவில் இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றாள். அவள் பிரிவில் நாற்பது பேருக்கு மேல். அவளுக்குச் சான்றிதழ் மட்டும், அதிலும் பெயரில் எழுத்துப் பிழை.

திரும்பி வரும் பஸ்ஸில் கொடைரோடு தாண்டும் வரை அவள் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “அம்மா, நீ எத்தன ஆட்டம் ஜெயிச்ச?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல.”

“நான்?”

“ரெண்டு.”

“அப்ப மெடல் ஏன் உங்கிட்ட இருக்கு?”

பதில் சொல்ல முயன்றேன். டை ஷீட், பிரிவு, ஆள் எண்ணிக்கை என்று ஏதேதோ விளக்கினேன். அவள் கழுத்தில் மாட்டப் போனேன், தட்டிவிட்டாள். “எனக்கு வேணாம். நீ ஜெயிக்காத மெடல்” என்றாள். பத்து வயதில் இவ்வளவு கணக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. இப்போது அது கடிகாரத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, யார் கண்ணிலும் படாமல்.

வகுப்பில் எனக்கு மட்டும் புது விதி வந்திருக்கிறது. ஒரு ‘சாரி’க்கு பத்து தண்டால். முதல் வாரம் எழுபது எடுத்தேன். பிள்ளைகள் வேண்டுமென்றே முகத்தைச் சுளித்து, “ஆ, வலிக்குது ஆன்ட்டி” என்று நடித்து என்னைச் சொல்ல வைக்கிறார்கள். மகள்தான் அதில் தலைவி. இப்போது வாரத்துக்கு இருபதில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டருக்குத் தெரிந்த இன்னொரு வகுப்புக்குப் போய் இரண்டு கல்லூரிப் பெண்களோடு ஜோடி சேர்கிறேன். அவர்களிடம் சாரி வரவே மாட்டேன் என்கிறது. அவர்கள் அடிக்கிற அடி அப்படி.

டிசம்பரில் அடுத்த போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன், 68 கிலோவுக்குக் கீழ். மூக்குத்தியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளப் பத்தர் கடைக்குக் கிளம்பினேன். அத்தை நிறுத்தினார். “மறுபடி வெட்டுறதுக்கு ஒரு கூலி, ஒட்டுறதுக்கு ஒரு கூலியா? டிசம்பர் முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் கொல்லையிலிருந்து ஒரு வேப்பங்குச்சி ஒடித்துவந்து, சீவி, அவரே செருகிவிட்டார்.